பத்தாயிரம் ரூபாய்க் கோடு: பென்ஷன் வருகிறவருக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்குமா?

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரே மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, 2023-ல் ஒரே மாதத்தில் ரிட்டையரான இரண்டு பேர் எங்கள் வீதியில் இருக்கிறார்கள். ஒருவர் ஸ்பின்னிங்கில் இருந்தவர், இன்னொருவர் கார்டிங்கில் இருந்தவர். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் சேர்ந்து ஆளுக்குப் பதினைந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மாதப் பென்ஷன் ஸ்பின்னிங் அண்ணனுக்கு 3,240 ரூபாய், கார்டிங் அண்ணனுக்கு 3,400. கார்டிங் அண்ணன் வந்த பணத்தைச் சூலூரைத் தாண்டி ஒரு மனையில் போட்டார். ஸ்பின்னிங் அண்ணனுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சத்தைப் போட்டார். வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்கில் விழுகிறது.

இருவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாம் என்று கிளம்பினார்கள். படிவம் நிரப்பித் தருகிற ஆள் என்று வீதியில் எனக்கு ஒரு பெயர் உண்டு, அதனால் என்னிடம் வந்தார்கள். கார்டிங் அண்ணன் கணக்கு ஒரே வரி: 3,400 பெருக்கல் 12, வருஷத்துக்கு 40,800. வருமானச் சான்று வந்தது, அட்டையும் வந்தது. ஸ்பின்னிங் அண்ணனுக்குப் பென்ஷன் 38,880, வட்டி 1,23,000, ஆக மொத்தம் 1,61,880. வரம்பு 1,20,000. வட்டியை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, தபால் நிலையப் பாஸ்புக்கை விஏஓ வந்து புரட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் மனுஷன் எழுதச் சொன்னார். எழுதியதும் அட்டை இல்லை என்றானது.

“ஏனுங்க, நான் சம்பாரிக்கறதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. எனக்கு வருமானம்னு என்னங்க இருக்குது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லப் போனால், ஓய்வுக்காலப் பணத்தை ஒவ்வொரு மருத்துவத் திட்டமும் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று வரிசையாகச் சொல்லியாக வேண்டும்.

கோடு எங்கிருந்து வந்தது

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டி, தனியார் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற வைக்கும் ஏற்பாடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. அப்போது குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, வரம்பு மாறவில்லை. 2018-ல் மத்திய அரசின் பிரதமர் ஜன ஆரோக்கிய திட்டத்தோடு இணைந்தபோது காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சமானது. வரம்பு அப்போதும் 72,000-தான். 2022-ல்தான் 1,20,000 ஆக்கினார்கள். அதாவது மாதம் 6,000 என்றிருந்த கோடு பன்னிரண்டரை வருஷம் கழித்து மாதம் 10,000-க்கு வந்தது. நடுவில் அரிசி, பருப்பு, ஸ்கேன் கட்டணம் எல்லாம் எங்கே போயின என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பத்தாயிரத்தின் மேல் அரசாங்கங்களுக்கு என்ன பிடிப்போ தெரியவில்லை. ஜன ஆரோக்கிய திட்டத்துக்கு ஆள் பிரிக்கப் பயன்பட்ட 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலும், குடும்பத்தில் ஒருவர் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்தால் அந்தக் குடும்பம் தானாகவே வெளியே போய்விடும். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் தரும் பி.எம். கிசான் திட்டத்திலும், மாதம் பத்தாயிரமோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குகிறவருக்கு இடமில்லை, கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் மட்டும் விதிவிலக்கு.

வருமானம் என்றால் வருகிற எல்லாமே. பென்ஷன், குடும்பப் பென்ஷன், வாடகை, வட்டி, குத்தகை எல்லாம் சேரும். பார்ப்பது தனி ஆளின் வருமானத்தை அல்ல, குடும்பத்தின் வருமானத்தை. குடும்பம் என்பது ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறவர்கள். நடைமுறை என்று பார்த்தால், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ, ஆர்.ஐ. என்று மேலே போய்த் தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகும். அந்தச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் படம் எடுத்துப் பதிவு செய்துகொள்வார்கள். விஏஓ விசாரிப்பது பெரும்பாலும் ஊர் அறிந்த வருமானத்தைத்தான். “பென்ஷன் வருதா, எவ்வளவு?” என்று கேட்பார். பேங்கில் எவ்வளவு கிடக்கிறது என்று நான் பார்த்தவரை யாரும் கேட்டதில்லை.

ஆயிரம் ரூபாய்ப் பென்ஷன்காரர் தப்பிவிடுகிறார்

தனியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருவது இ.பி.எஸ்-95 என்கிற ஊழியர் பென்ஷன் திட்டத்தின் பென்ஷன். 1995 நவம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்த திட்டம். முதலாளி கட்டும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது, அதுவும் சம்பளம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு வரைக்கும்தான். குறைந்தபட்சப் பென்ஷன் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய். அதை 7,500 ஆக்க வேண்டும், இலவச மருத்துவமும் வேண்டும் என்று பென்ஷன்காரர்கள் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

பென்ஷன் கணக்குச் சூத்திரம் எளிது. சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு 35 வருஷம் என்று வைத்தால் 7,500. இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவருக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேர்ப்பார்கள், அதையும் சேர்த்தால் எட்டாயிரத்தைத் தொடாமல் நிற்கும். நிஜத்தில் இன்று ஓய்வு பெறுகிற மில் தொழிலாளி அந்த 7,500 பக்கமே போவதில்லை. 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு அன்றைய உச்சவரம்பான 6,500-ஐ வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் வீதி அண்ணன்மாருக்கு மூவாயிரத்துச் சொச்சம் வந்தது அப்படித்தான்.

இதில் ஒரு விசித்திரமான ஆறுதல் இருக்கிறது. சூத்திரத்தின் உச்சியைத் தொட்டாலும் வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டாது. ஆகவே இ.பி.எஸ். பென்ஷன் ஒன்றை மட்டும் நம்பி இருக்கிற வீடு காப்பீட்டுக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். பென்ஷன் போதாமல் இருப்பதே அட்டைக்குத் தகுதியாகிறது.

இந்தக் கணக்கைக் கலைக்கக்கூடிய ஒரு விஷயம் 2022 நவம்பர் 4-ல் வந்தது. உச்சவரம்பைப் பார்க்காமல் முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்க, தகுதி உள்ளவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2023 ஜூலை 11-ல் முடிந்தது. அதிகப் பென்ஷன் வேண்டுமென்றால் பழைய பாக்கியை வட்டியோடு பி.எஃப். பணத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். சிலருக்கு அது பல லட்சம். கையில் இருந்த மொத்தத் தொகை கரைந்து மாதப் பென்ஷனாக மாறுகிறது. அந்தச் சமயத்தில் எல்லோரும் போட்ட கணக்கு, கட்டின பணம் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்பதுதான். பென்ஷன் மாதம் 10,500 என்று வந்தால்கூட ஆண்டுக்கு 1,26,000 ஆகிவிடும், வரம்பைத் தாண்டி ஐந்து லட்ச ரூபாய் மருத்துவப் பாதுகாப்பு கைநழுவும் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்து நான் பார்க்கவில்லை. ஆபீஸர் வேலையில் இருந்து பெரிய பென்ஷன் வாங்குகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை, தனியார் பாலிசி எடுத்துக்கொள்வார். கோட்டை ஒட்டி நிற்பவருக்குத்தான் அடி.

மொத்தமாக வந்த பணம்

கிராஜுவிட்டியும் பி.எஃப். தொகையும் கையில் வரும்போது அவை சொத்து, மாதா மாதம் வருகிற வருமானம் அல்ல. தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டைக்குச் சொத்து வரம்பு என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் பிரச்சினை அந்தப் பணம் வரும்போது வருவதில்லை, அதை எங்கே வைக்கிறோம் என்பதில் வருகிறது. 8.2 சதவீத வட்டிக்கு ஏறத்தாழ 14 லட்சத்து 63 ஆயிரம் ரூபாய் போட்டால் வட்டி மட்டுமே 1,20,000 ஆகிவிடும். அதே பணத்தை மனையில் போட்டால் வருமானம் பூஜ்யம். தங்கமாக வாங்கிப் பீரோவில் வைத்தாலும் பூஜ்யம். மகனுக்கு மாடி கட்டக் கொடுத்துவிட்டாலும் பூஜ்யம்.

ஆக, மனை வாங்கினவர் அரசுக் கணக்கில் ஏழை, தபால் நிலையத்தில் போட்டவர் வசதிக்காரர். இத்தனைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணத்தைப் போடுங்கள் என்று சொல்வதும் அரசாங்கம்தான், 2023 பட்ஜெட்டில் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியதும் அதேதான். இதைப் படித்துவிட்டு யாராவது இருக்கிற டெபாசிட்டை உடைத்து மனை வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். அவசரத்துக்கு மனையை விற்க முடியாமல் தவிக்கிறவர்களையும் இதே வீதியில் பார்க்கிறேன். நான் சொல்ல வருவது, இந்த விதிக்கு ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிவதில்லை, மாதா மாதம் காகிதத்தில் என்ன விழுகிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. பென்ஷனும் வட்டியும் காகிதத்தில் விழுகிற வகை.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான கூத்து. அங்கே முதியோருக்கான மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவியில் வருமானத்தோடு சொத்தையும் எண்ணுகிறார்கள், பல மாநிலங்களில் தனி ஆளிடம் 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த எண் 1989-லிருந்து நகரவில்லை. இரண்டு ஊரிலும் கோடு போட்டவர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்பது மட்டும் பொது.

அரசுப் பென்ஷன்காரர் நிலைமை

தமிழ்நாடு அரசின் குறைந்தபட்சப் பென்ஷன் 7,850 ரூபாய். கேட்டால் பத்தாயிரத்துக்குக் கீழே. ஆனால் அதன் மேல் அகவிலைப்படி ஏறும். 2025 ஜனவரிக் கணக்கில் அது 55 சதவீதம். சேர்த்துப் பார்த்தால் மாதம் 12,167 ரூபாய், ஆண்டுக்கு 1,46,000. ஆகவே மிகக் கீழ்நிலையில் ஓய்வு பெற்றவரும், அவர் போன பிறகு அதே குறைந்தபட்சக் குடும்பப் பென்ஷனில் வாழும் மனைவியும் ஏழைகளுக்கான கோட்டுக்கு மேலே நிற்கிறார்கள்.

அவர்களுக்கென்று தனியே புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2022 ஜூலையில் தொடங்கிய நான்கு ஆண்டுச் சுற்றில், பென்ஷனிலிருந்து மாதம் 497 ரூபாய் பிடித்தம். காப்பீடு ஐந்து லட்சம், குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்குப் பத்து லட்சம் வரை. இங்கே ஒரு இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் என்பது ஒரு வருஷத்துக்கு, இவர்களுக்கு ஐந்து லட்சம் என்பது நான்கு வருஷத்துக்குச் சேர்த்து. 497-ஐ 48 மாதத்தால் பெருக்கினால் 23,856 ரூபாய். இவ்வளவு கட்டுகிறவருக்கு, கட்டாதவரை விட ஆண்டுக் கணக்கில் குறைந்த பாதுகாப்பு. இரண்டு திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலும் பேக்கேஜ் தொகையும் வேறு வேறு, அதனால் நேருக்கு நேர் எடை போட முடியாது என்று பதில் சொல்வார்கள். சரி. ஆனாலும் பிடித்தம் போக மீதி எண்ணி வாங்குகிற குடும்பப் பென்ஷன்காரரிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். அகவிலைப்படி ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு முறை கணக்கிடப்படுகிறது, காப்பீட்டு வரம்பு பத்து வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. நகர்கிற பென்ஷனும் நகராத கோடும் ஒருநாள் சந்திக்கத்தான் செய்யும். விலைவாசி ஏறியதற்காகக் கொடுத்த நூறு ரூபாய், ஐந்து லட்ச ரூபாய் உரிமையை எடுத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்காவில் இந்த ஓட்டையை 1976-லேயே பார்த்துவிட்டார்கள். சமூகப் பாதுகாப்புப் பென்ஷனில் விலைவாசிக்காகத் தரும் உயர்வால் ஒரு முதியவர் ஏழைகளுக்கான மாதாந்திர உதவித்தொகையின் வரம்பைத் தாண்டிவிட்டால், அந்த உயர்வைக் கழித்துப் பார்த்து அவருக்கு மருத்துவ உதவியைத் தொடர வேண்டும் என்று ஒரு சட்டத் திருத்தம். டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் பிக்கிள் கொண்டுவந்ததால் பிக்கிள் திருத்தம் என்றே பெயர். நம்மிடம் அப்படி ஒரு வரி எழுதினால் போதும், பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

நம் ஊரிலேயே வரம்பை நகர விட்ட உதாரணம் உண்டு, அது மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டம். மகனோ மகளோ மத்திய அரசு வேலையில் இருந்தால் தன்னைச் சார்ந்த பெற்றோரையும் அதில் சேர்க்கலாம். பெற்றோரின் வருமானம், பென்ஷன் உட்பட, மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். அகவிலைப்படி ஏற ஏற வரம்பும் தானாக ஏறிவிடும். 55 சதவீதக் கணக்கில் அது 13,950 ரூபாய். ஸ்பின்னிங் அண்ணனுக்குப் பென்ஷனும் வட்டியும் சேர்ந்து மாதம் 13,490. மத்திய அரசு வேலையில் ஒரு பெண் இருந்திருந்தால் 460 ரூபாய் வித்தியாசத்தில் உள்ளே போயிருப்பார். அவர் பெண் பல்லடத்தில் பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறாள்.

மகன் வீட்டு ரேஷன் கார்டு

மாநில அட்டைக்குக் குடும்பம் என்றால் ரேஷன் கார்டு என்று சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு மகனோடு போய் இருப்பவர்களுக்கு இதில்தான் சிக்கல். அம்மாவுக்கு வருகிற இ.பி.எஸ். விதவைப் பென்ஷன் 1,000 ரூபாய், மகன் சம்பளம் 18,000 என்று வையுங்கள். ஒரே கார்டில் இருந்தால் வருமானம் இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம், அட்டை கிடையாது. அம்மா தனிக் கார்டில் இருந்தால் பன்னிரண்டாயிரம், அட்டை உண்டு. மாமியார் மருமகள் சண்டையே இல்லாத வீடுகளிலும் கார்டு மட்டும் பிரிந்து கிடப்பதற்கு இது ஒரு காரணம். தனிச் சமையல், தனிக் குடித்தனம் என்று இருந்தால்தான் தனிக் கார்டு என்பது விதி. விதிக்காகச் சில வீடுகளில் பின்கட்டில் இரண்டாவது அடுப்பு முளைக்கிறது. பெற்றோரைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்குத் தகுதி போய்விடுகிறது, தனியே விட்ட வீட்டுக்குத் தகுதி வருகிறது. இதை எழுதிய அதிகாரி இப்படி நடக்கும் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

கோடே பார்க்காத கதவுகள்

வருமானத்தைக் கேட்காத ஏற்பாடுகளும் இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். அரசு மருத்துவமனைக்குப் போனால் பென்ஷன் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சென்னை ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையிலும் சரி, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சரி, சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றால் வைத்தியம் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, அதற்கும் வருமானச் சான்று வேண்டாம். பல பேர் மறந்துவிடுவது, காப்பீட்டு அட்டை மாதாந்திர மாத்திரைக்கு உதவாது என்பதை. அது பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சை, பெரிய சிகிச்சை, சில பரிசோதனைகளுக்குத்தான்.

எழுபது வயது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபர் 29-லிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. வருமானம், பென்ஷன், சொத்து எதுவும் பார்ப்பதில்லை. ஆதாரில் இருக்கிற வயது ஒன்றே தகுதி, ஐந்து லட்சம் வரை பாதுகாப்பு. சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் ராணுவத்தினர் திட்டம் போன்றவற்றில் ஏற்கெனவே இருக்கிறவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியார் பாலிசியோ, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யோ இருந்தால் தடையில்லை. நம் மாவட்டத்தில் எந்தெந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைக் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. இந்த அட்டையின் நல்ல குணம், இதுவரை சொன்ன வம்பு எதுவும் இதில் இல்லை. கெட்ட குணம், 58-ல் ரிட்டையராகிறவர் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். கம்பெனியின் குரூப் பாலிசி வேலையோடு போய்விட, தனியார் பாலிசிக்குப் பிரீமியம் வயதோடு ஏறுகிற காலம் சரியாக அந்தப் பன்னிரண்டு வருஷம்தான்.

மிச்சம் இருப்பது இ.எஸ்.ஐ. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் கொடுத்து, முதலாளி 3.25 சதவீதம் போட்டு நடக்கிற அந்தத் திட்டம் வேலையோடு முடிந்துவிடுகிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். முடிவதில்லை. ஓய்வுக்கு முன்னால் குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட வேலையில் இருந்து, வயதாகியோ விருப்ப ஓய்விலோ வெளியே வந்தவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தானும் துணையும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடர்ந்து பெறலாம். மாதம் பத்து ரூபாய். பென்ஷன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது.

இதிலும் ஒரு கண்ணி இருந்தது. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய். இருபது வருஷம் சந்தா கட்டிய ஃபிட்டர் ஒருவருக்குக் கடைசி இரண்டு வருஷத்தில் சம்பளம் 21,500 ஆனால், அவர் திட்டத்தை விட்டு வெளியே போய்விடுவார், ஓய்வு பெறும்போது இந்த 120 ரூபாய் வசதியும் இருக்காது. சம்பள உயர்வைக் கொண்டாடிய அன்றைக்கு யாருக்கும் இது தெரிவதில்லை. 2024 பிப்ரவரியில் இ.எஸ்.ஐ. கழகம் இதைத் தளர்த்த முடிவெடுத்தது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு குறைந்தது ஐந்து வருஷம் திட்டத்தில் இருந்து, 2017 ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர் மாதம் 30,000 வரை சம்பளம் வாங்கியிருந்தாலும் சேரலாம் என்பது அந்த முடிவு.

ஸ்பின்னிங் அண்ணனின் கடைசிச் சம்பளம் பதினெட்டாயிரம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இ.எஸ்.ஐ. பிடித்தம். இதைக் கேட்டதும் வீட்டுக்குள் போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட சம்பளச் சீட்டுகள், இ.எஸ்.ஐ. அட்டை, மில் கொடுத்த ஓய்வுக் கடிதம். கடிதத்தின் மடிப்பு கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. மறுநாள் கிளை அலுவலகத்தில் படிவம் வாங்கினோம். ஓய்வு பெற்றதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மில் இப்போது ஓடவில்லை, வாசலில் அடுக்குமாடி வீடுகளின் விளம்பரப் பலகை நிற்கிறது, போய்க் கேட்க ஆளில்லை. டேப் ஒட்டிய கடிதத்தைத்தான் நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தேதியைப் படித்துவிட்டு, “ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க ஐயா” என்றார்.